கவிழ்ந்த படகுச் சீட்டு

சீட்டக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. "ஒரு கட்டுக்கு எத்தனை சீட்டோ அத்தனை வயசு எனக்கு. அடுத்த வருஷத்துலேருந்து ஜோக்கரையும் சேத்துக்கணும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பைண்டிங் பட்டறையில் தாள் எண்ணுகிற வேலை. அச்சகத்திலிருந்து மலைமலையாக வரும் தாள்களை ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து வைக்க வேண்டும். ஒரு கற்றையை எடுத்து விசிறியாக விரித்து, கட்டைவிரலால் ஐந்தைந்தாகத் தள்ளிக்கொண்டே போவாள். நீங்கள் நாலு தும்மல் போட்டு மூக்கைத் துடைப்பதற்குள் ஐந்நூறு முடிந்திருக்கும். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. நடுவில் பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்பதால், அவள் உதடு அசைந்துகொண்டிருக்கும்போது முதலாளிகூட வாயைத் திறக்க மாட்டார்.

பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். பட்டறையில் மதியச் சாப்பாடு ஆனதும் ஆண்கள் நாலு பேர் மூலையில் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். காசு கீசு கிடையாது. தோற்றவன் எல்லோருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தையும் கழுவ வேண்டும், அதுதான் பந்தயம். ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போன இவள், பலகைமேல் கிடந்த கட்டைப் போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணு குறையுதே" என்றாள்.

"என்னக்கா குறையுது?"

"சீட்டுதான். அம்பத்தொண்ணுதான் இருக்கு."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு எண்ணினார்கள். சிரிப்பு நின்றது. காணாமல் போன க்ளாவர் எட்டு, ஒரு வாரமாக ஜெயித்துக்கொண்டே இருந்த ஆசாமி உட்கார்ந்திருந்த சாக்குக்கு அடியில் அகப்பட்டது. அந்த மாதம் முழுக்க எல்லார் பாத்திரத்தையும் அந்த ஆசாமிதான் கழுவினார். அன்றையிலிருந்து இவள் சீட்டக்கா.

பெயர் வந்துவிட்டது, வித்தை வராமல் இருக்குமா? அந்த நாலு பேருமே தங்களுக்குத் தெரிந்த கைவேலையை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய ரகசியமெல்லாம் இல்லை. உதாரணத்துக்கு ஒன்று. கட்டின் அடியில் இருக்கும் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்து மனசில் வைத்துக்கொள்ள வேண்டியது. எதிராளி ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, கட்டின் மேலே வைப்பார். கட்டை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியைத் தூக்கி மேலே போடச் சொல்ல வேண்டியது. அப்போது நீங்கள் பார்த்து வைத்த அடிச்சீட்டு, அவருடைய சீட்டின் தலைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மேலேயிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனால், உங்களுக்குத் தெரிந்த சீட்டுக்கு அடுத்தது அவருடையது.

"ப்பூ, இவ்வளவுதானா" என்பீர்கள். செய்து பாருங்கள் ஐயா. கண் அடியைப் பார்க்கிறது எதிராளிக்குத் தெரியக்கூடாது, வாய் வேறெதையோ பேச வேண்டும், கை நடுங்கக்கூடாது. சுலபம் என்பதெல்லாம் செய்து முடித்தவர்கள் சொல்கிற வார்த்தை.

சீட்டக்காவின் பையில் சீட்டுக்கட்டு இருக்காது. அதில் அவளுக்கு ஒரு வீம்பு. "யார் வீட்டுக் கட்டா இருந்தாலும் சரி, கையில வாங்கி, அங்கேயே, அப்பவே செய்யணும். முன்னாடியே பசை தடவி, ஓரத்தை வெட்டி எடுத்துட்டு வந்து செஞ்சா அது வித்தை இல்ல, சாமான்" என்பாள். ஒருமுறை பேருந்து பழுதாகி வெயிலில் நின்றுவிட்டது. நாற்பது பேரும் நடத்துநரைக் கடித்துக் குதறத் தயாராக இருந்தார்கள். இவள் பின்சீட்டுக்காரரிடம் ஒரு பழைய கட்டைக் கேட்டு வாங்கி ஆரம்பித்தாள். பேருந்து சரியாகி ஓட்டுநர் மூன்று தடவை ஹாரன் அடித்தும் ஒருத்தரும் ஏறவில்லை.

அவள் கணவர் அதே பட்டறையில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். கட்டிங்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பேச்சு குறைவு. இருபது வருஷமாக மனைவியின் ஒவ்வொரு வித்தைக்கும் முதல் ஆளாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஒன்றின் ரகசியமும் கேட்டதில்லை. ராஜாவுக்கும் ஜாக்கிக்கும் வித்தியாசம் தெரியாது. முடிந்ததும், "ம், சரியா இருக்கு" என்பார். தாள் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அதைத்தான் சொல்வார், சாப்பாடு ருசியாக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு, நல்ல வியாதிதான். தலைகீழாக இருக்கும் தாளை அவர் கண் பொறுக்காது. கட்டிங் மெஷின்காரருக்கு அது நியாயம்தான். கற்றையில் ஒரு தாள் திரும்பியிருந்தால் கத்தி இறங்கும்போது பக்கத்தின் தலை போய்விடும். ஆனால் இவருக்கு அது பட்டறைக்கு வெளியிலும் விடாது. முடிவெட்டும் கடையில் பத்திரிகைகளை எல்லாம் நேராக்கிவிட்டுத்தான் நாற்காலியில் ஏறுவார். நாத்தனார் ஒருமுறை வீட்டுக்கு வந்து, "பொம்பளைக்கு எதுக்கு அண்ணி சீட்டுக்கட்டு" என்று ஆரம்பித்தபோது, தங்கையின் கையில் தலைகீழாக இருந்த செய்தித்தாளை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "முதல்ல இதைப் படி" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சீட்டக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. பட்டறையிலும் பேருந்திலும் கைதட்டுகிறவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள். அவர்கள் பிரமிக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் தெரிந்த ஒருவர், இந்தக் கலையை அக்குவேறு ஆணிவேறாக அறிந்த ஒருவர், பார்த்துவிட்டு "இது வித்தை" என்று சொல்ல வேண்டும். சமையல்காரியை இன்னொரு சமையல்காரி பாராட்டினால்தானே மனசு நிறையும்? அதற்கு ஒரே வழி வித்தைக்காரர்கள் சங்கத்தில் சேர்வது.

சங்கம் என்றதும் பெரிய கட்டடமாகக் கற்பனை பண்ணாதீர்கள். தையல் கடைக்கு மேலே மாடியில் ஒரு நீள அறை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை, முப்பது மடக்கு நாற்காலி. ஞாயிறு மதியம் கூடுவார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். செயலாளர் ஒரு மருந்துக்கடைக்காரர். சட்டதிட்டமென்றால் அவருக்கு உயிர். சேர வேண்டுமானால் சோதனை உண்டு. கட்டு அங்கேயே யாரிடமாவது வாங்கியதாக இருக்க வேண்டும். கூட்டத்தில் நம் ஆளை உட்காரவைத்து ஒத்தாசை வாங்கக்கூடாது. சீட்டைக் கலைக்கும்போது வித்தை செய்கிறவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். முடிந்ததும் சின்ன அறைக்குப் போய், எப்படிச் செய்தீர்கள் என்று தலைவரிடமும் செயலாளரிடமும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு சோதனை. ஒருவர் மூன்று முறைதான் வரலாம். மூன்றிலும் தவறினால் அந்த மாடிப்படிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

முதல் வருஷம் அடிச்சீட்டு வித்தையைத்தான் செய்தாள். கட்டை வெட்டச் சொன்னால் மருந்துக்கடைக்காரர் வெட்டவில்லை, கலைத்தே விட்டார். அடிச்சீட்டு எங்கேயோ, எடுத்த சீட்டு எங்கேயோ. மூக்குடைந்து திரும்பினாள்.

இரண்டாவது வருஷம் உஷாராகப் போனாள். ஒருவர் கட்டிலிருந்து கொஞ்சம் சீட்டைத் தூக்கி மறைத்துக்கொள்ள, மிச்சத்தை ஒருதடவை விரித்துப் பார்த்தே எத்தனை தூக்கினார் என்று சொல்வது. அவளுக்கு அது பச்சைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. "இருபத்து மூணு" என்றாள். சரியாக இருந்தது. ஆனால் கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை, சிரித்தார்கள்.

"அம்மா, உங்க உதடு அசையுது. எண்ணுறீங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

தாள் எண்ணுகிறவள் உதடு அசையாமல் எப்படி எண்ணுவாள்? இருபத்தாறு வருஷப் பழக்கம். படி இறங்கி வரும்போது அவளுக்கு அழுகை வந்தது, அழவில்லை.

விட்டாளா? மூன்றாவது வருஷம் முழுக்க வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை நிறுத்திக்கொண்டு பழகினாள். உதடு அசைந்தால் தண்ணீர் சிந்தும். முதல் மாதம் ரவிக்கை நனையாத நாளில்லை. எதிரே கட்டிங்காரர் துண்டோடு உட்கார்ந்திருப்பார். கடைசியில் பட்டறையிலேயே வாயை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கிவிட்டாள். எண்ணுகிறாளா சும்மா இருக்கிறாளா என்று தெரியாமல் மற்றவர்கள் பேச்சுக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

மூன்றாவது சோதனைக்குக் கணவரையும் அழைத்துப் போனாள். துணைக்குத்தான். "முன்னாடி உக்காராதீங்க. உங்க முகத்தைப் பாத்தா எனக்குத் துண்டு ஞாபகம் வந்து சிரிப்பு வரும்" என்று கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டாள். அவர் அங்கே போய் உட்கார்ந்து, சுவரில் கோணலாகத் தொங்கிய நாட்காட்டியை வேதனையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பல் டாக்டர் கீழே தையல் கடையில் ஒரு கட்டு வாங்கி வரச் சொன்னார். வந்தது. அழுக்கேறி, மூலை மழுங்கிய கட்டு. முதுகில் ஒரு பாய்மரப் படகு. சீட்டக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பூவேலைப்பாடு என்றால் எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோல இருக்கும். படகுக்கு மேல் கீழ் உண்டு. ஒரு சீட்டு மட்டும் தலைகீழாக இருந்தால் அந்தப் படகு கவிழ்ந்து கிடக்கும், எத்தனை கலைத்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

"முழுசா இருக்கான்னு பாத்துக்கறேன்" என்று விரித்தாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனாள். "டாக்டர், உங்க நாற்காலியில உக்காந்தா எல்லாரும் வாயைத் திறந்தாகணும். இந்த மாடிக்கு வந்தா நான் மூடியாகணும். என்ன நியாயம் இது?" கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கவிழ்ந்திருந்த நாலு படகுகளும் நிமிர்ந்துவிட்டன.

டாக்டர் ஒரு சீட்டை உருவினார். எல்லோருக்கும் காட்டினார். அந்த நேரத்தில் கட்டு சீட்டக்காவின் கையில் அரைச்சுற்றுத் திரும்பிக்கொண்டது. அவர் சீட்டைத் திரும்பச் செருகினார். ஐம்பத்தொரு படகு ஒரு பக்கம், ஒரு படகு எதிர்ப் பக்கம். காரியம் முடிந்தது. இனி யார் கலைத்தால் என்ன?

டாக்டர் கலைத்தார். சீட்டக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"இன்னொருத்தரும் கலைக்கட்டும்" என்றார் மருந்துக்கடைக்காரர். கட்டை எடுத்துக்கொண்டு அவரே கூட்டத்துக்குள் போனார். ஆள் வைத்திருந்தால் முன்வரிசையில்தான் வைத்திருப்பாள் என்பது அவர் போட்ட கணக்கு. அதனால் கடைசி வரிசைக்கே போய், வித்தையில் ஒரு அக்கறையும் இல்லாமல் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் கையில் கொடுத்துவிட்டு, எதிர்ப் பக்கம் குசுகுசுவென்று பேசிய இரண்டு பேரை அதட்டத் திரும்பினார்.

சுவரைப் பார்த்து நின்ற சீட்டக்காவுக்கு எதுவும் தெரியாது. காது மட்டும் இருந்தது.

டக், டக்.

முழங்காலில் கட்டைத் தட்டி நேராக்குகிற சத்தம். உலகத்தில் எத்தனையோ பேர் தட்டுவார்கள். ஆனால் இரண்டாவது தட்டு கொஞ்சம் சாய்ந்து, விளிம்பைத் தேடுவதுபோல விழுகிற சத்தத்தை இருபத்தாறு வருஷமாக அடுத்த மேஜையிலிருந்து கேட்டவள் அவள். ஐயோ, இவர் கையில் கொண்டுபோயா கொடுத்தார்கள்?

அடுத்து, சர்ர்ர் என்று கட்டைவிரல் ஓரத்தில் ஓடுகிற சத்தம். நடுவில் நின்றது. மெல்ல ஒரு சீட்டு உருவப்படுகிற சத்தம். மறுபடியும் சர்ர்ர், இம்முறை தடையில்லாமல் கடைசிவரை. கலைக்கிற சத்தம் மட்டும் வரவே இல்லை. டக், டக்.

போச்சு. கவிழ்ந்திருந்த ஒரே படகையும் மனுஷன் நிமிர்த்திவிட்டார். ஐம்பத்திரண்டு படகும் இப்போது ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும், எல்லாம் சௌக்கியமாக. மூன்றாவது வருஷம், கடைசி வாய்ப்பு. தண்ணீர் வைத்துப் பழகியதெல்லாம் தண்ணீரோடு போயிற்று. அவளுக்கு வந்த கோபத்தில் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. என்ன கோபப்பட்டு என்ன? இருபது வருஷமாக ரகசியம் ஒன்றுமே கேட்காத மனுஷனுக்கு, அந்தச் சீட்டுதான் அவள் உயிர் என்று எப்படித் தெரியும்?

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சொல்ல வேளை வரவில்லை, இப்போது சொல்கிறேன். கற்றையில் தலைகீழாக இருந்த தாளைக் கண்டால், அதைத் திருப்பி எடுத்த இடத்தில் செருகக்கூடாது. கற்றையின் அடியில் வைக்க வேண்டும். அடுத்த மேஜைக்காரர் எதையும் தொடுவதற்கு முன் அடித்தாளைத்தான் பார்ப்பார். திரும்பிய தாள் கிழிந்தோ மை கலைந்தோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கட்டிங்காரர் திருப்பி வைத்த தாள்களை அப்படி அடியில் பார்க்கிற அடுத்த மேஜைக்காரர் யார்? சீட்டக்காதான்.

சர்ர் நடுவில் நின்றது ஒரே ஒரு தடவை. அப்படியானால் திருப்பியது ஒரே ஒரு சீட்டு. அது இப்போது கட்டின் அடியில் இருக்கிறது.

"திரும்பலாம் அம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். கட்டு மேஜைமேல் இருந்தது.

அவள் அதைத் தொடவே இல்லை. அதுதான் அவள் நெஞ்சழுத்தம். "டாக்டர், நீங்களே எடுத்துக்குங்க. மேலேருந்து ஒண்ணொண்ணா, முதுகு தெரியற மாதிரியே மேஜையில போடுங்க. நான் நிறுத்தச் சொல்றப்போ நிறுத்துங்க."

டாக்டர் போட ஆரம்பித்தார். பத்து, இருபது. படகுகள் எல்லாம் நிமிர்ந்தே வந்தன. முப்பது. மருந்துக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் உள்ளே எண்ணிக்கொண்டிருந்தாள், உதடு கல்லாக இருந்தது. ஐம்பது. கூட்டத்தில் இளக்காரமாக ஒரு சிரிப்பு கிளம்பியது. ஐம்பத்தொன்று. டாக்டரின் கையில் ஒரே ஒரு சீட்டு மிஞ்சியது.

"நிறுத்துங்க" என்றாள்.

டாக்டர் திருப்பினார். டைமன் ஒன்பது. அவர் எடுத்ததும் டைமன் ஒன்பதுதான்.

மடக்கு நாற்காலிகள் எல்லாம் கிரீச்சிட, கூட்டம் எழுந்து தட்டியது. கடைசி வரிசையில் கட்டிங்காரரும் தட்டினார், தான் என்ன செய்தோம் என்கிற நினைப்பே இல்லாமல்.

சின்ன அறைக்குள் போனதும் மருந்துக்கடைக்காரர் கதவைச் சாத்தினார். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. "நான் சொல்லட்டுமா? படகை வெச்சு செஞ்சீங்க. டாக்டர் சீட்டை மட்டும் தலைகீழா வாங்கிக்கிட்டீங்க, அது கவிழ்ந்து கிடந்தது, கண்டுபிடிச்சீங்க. அருமையான வேலை. அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். மூன்று வருஷ ஆசை அந்த ஒரு அசைப்பில் முடிந்துவிடும். கேட்க ஆளில்லை, பார்க்க ஆளில்லை. சீட்டக்கா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல சார். அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆனா டாக்டர் போட்டப்போ எந்தப் படகும் கவிழ்ந்திருக்கலயே, நீங்க கவனிக்கலயா? நீங்க கொடுத்த ஆள் அதை நேராக்கிட்டார். என் வித்தை அங்கேயே செத்துப்போச்சு." பட்டறை வழக்கத்தை, முழங்கால் சத்தத்தை, எல்லாவற்றையும் சொன்னாள். "அவர் என் வீட்டுக்காரர்" என்பதையும் சொன்னாள்.

மருந்துக்கடைக்காரரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "உங்க வீட்டுக்காரரா? அப்போ ஆள் வெச்சிருக்கீங்க."

"நீங்கதானே சார் அவர் கையில கொடுத்தீங்க?"

"யார் கொடுத்தா என்ன, உங்களுக்கு ஒத்தாசை பண்ணியிருக்காரில்ல? சட்டம் சட்டம்தான் அம்மா. இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் நீங்க."

"இருந்திருக்கலாம். நான் செய்யாத வேலைக்கு எனக்குப் பேரு எதுக்கு சார்? நான் எண்ணின கட்டுல ஒரு தாள் குறைஞ்சாலும் நானே போய்ச் சொல்றவ. பொய் சொல்லி உள்ள வர்றதுக்கு வெளியவே இருந்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு எழுந்திருக்கப் போனாள்.

"உக்காருங்கம்மா" என்றார் பல் டாக்டர். அலமாரியைத் திறந்து வேறொரு கட்டை எடுத்தார். அதன் முதுகில் ஒரு குடை. மூன்று சீட்டுகளை உருவிக் குடையைத் தலைகீழாக்கி, அங்கொன்று இங்கொன்றாகச் செருகினார். எந்த மூன்று என்று மருந்துக்கடைக்காரரிடம் காட்டினார். கதவை ஒருச்சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனார். உள்ளே இருந்த இரண்டு பேரும் இடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.

டாக்டர் நேராகக் கடைசி வரிசைக்குப் போய், "ஐயா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க. கண்ணாடியைத் துடைச்சுட்டு வாங்கிக்கறேன்" என்றார்.

கட்டிங்காரர் வாங்கிக்கொண்டார். டக், டக். சர்ர். ஒன்றை உருவித் திருப்பி அடியில் வைத்தார். சர்ர். இன்னொன்று. சர்ர். மூன்றாவது. டக், டக். அவருடைய பாதிக் கவனம் இவ்வளவு நேரமும் நாட்காட்டியின் மேலேயே இருந்தது.

"என்ன பண்றீங்க ஐயா?" என்றார் டாக்டர்.

அவர் திகைத்துப்போனார். "ஒண்ணும் பண்ணலீங்களே. சும்மா பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

சின்ன அறைக்குள் சீட்டக்கா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். டாக்டர் உள்ளே வந்து கட்டின் அடியிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதே மூன்று. மருந்துக்கடைக்காரர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செயலாளரே, ஆள் வெச்சிருந்தா அந்த ஆளுக்காவது தெரிஞ்சிருக்கணுமில்ல? அவருக்கே தெரியல" என்றார் டாக்டர். பிறகு சீட்டக்காவைப் பார்த்தார். "கட்டு கையில இல்ல. முகம் சுவத்துப் பக்கம். வித்தை கெட்டுப்போச்சுன்னு காதாலேயே கண்டுபிடிச்சு, கெடுத்தவர் எங்க வெச்சிருப்பாருன்னும் காதாலேயே கண்டுபிடிச்சு, கட்டைத் தொடாமலே முடிச்சிருக்கீங்க. முப்பது வருஷமா இதுல இருக்கேன். நானா இருந்தா மன்னிப்புக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இதுதாம்மா வித்தை."

அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். தெரிந்தவர் வாயிலிருந்து, தெரிந்தே வந்த வார்த்தை. அவள் தலையை ஆட்டினாள்.

மருந்துக்கடைக்காரர் சட்டப் புத்தகத்தை இரண்டு பக்கம் புரட்டினார். மூடினார். உறுப்பினர் பதிவேட்டை எடுத்து, அவள் பக்கம் திருப்பி வைத்து, பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். கணவரை உள்ளே அழைத்துச் செய்தியைச் சொன்னார்கள். கட்டிங்காரர் பதிவேட்டை உற்றுப் பார்த்தார். "ம், சரியா இருக்கு" என்றார். மனைவியைப் பார்த்து, "நான் பின்னாடி உக்காந்திருந்தேன். எல்லாரும் எந்திரிச்சு தட்டுனாங்க. என் சம்சாரம்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னேன்" என்றார். வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது.

"இன்னொண்ணு பாக்கி இருக்கு" என்றார் டாக்டர். "புதுசா சேர்றவங்களுக்குத் தலைவர் தன்னோட வித்தை ஒண்ணைச் சொல்லிக்கொடுக்கறது எங்க வழக்கம். யாராவது ஒரு எண் சொன்னா, அந்த எண்ணுல அவங்க சீட்டு வர்ற மாதிரி நான் ஒண்ணு பண்ணுவேனில்ல? நீங்க போன ரெண்டு வருஷமும் சோதனை முடிஞ்சப்புறம் பாத்திருப்பீங்க. இந்த ஊர்ல இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்காத வித்தை. சொல்லட்டுமா?"

சீட்டக்கா தயங்கினாள். "வேண்டாம் டாக்டர்."

"ஏம்மா?"

"முதல் வருஷம் ஒருத்தர் பதினேழுன்னு சொன்னார். நீங்க பதினேழு தடவை சீட்டைப் போட்டீங்க. ஆனா மேஜையில பதினெட்டு சீட்டு இருந்துச்சு. ஒன்பதாவது தடவை ரெண்டு சீட்டு ஒட்டிக்கிட்டு இறங்குச்சு, சத்தம் கனமா விழுந்துச்சு. போன வருஷம் பன்னெண்டாவது தடவை."

டாக்டரின் வாய் திறந்தது. அவருடைய நாற்காலியில் உட்காருகிறவர்களின் வாய்கூட அவ்வளவு அகலம் திறந்திருக்காது. மருந்துக்கடைக்காரர் அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா தெரியுமா உங்களுக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே சேத்திருப்போமே. ஏம்மா சொல்லல?"

"எல்லார் எதிர்லயும் உங்க ரகசியத்தை எப்படி டாக்டர் சொல்றது?" என்றாள் அவள். "அப்போ நான் வெளியாளு."

டாக்டர் எழுந்து, தன் பக்கத்திலிருந்த நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார்.